அண்ணனின் துணிச்சல் உங்களுக்கு உதவாது

கேள்வி: அப்பா காலமான பிறகு, ஸ்ரீரங்கத்தில் உள்ள அவருடைய வீட்டை 1.20 கோடிக்கு விற்கப் போகிறோம். அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சம பங்கு. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அண்ணன், பத்திரத்தில் 72 லட்சம் மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கலாம் என்கிறார். "முழுசா வரி கட்டுறவன் ஏமாளி" என்கிறார். நான் பள்ளி ஆசிரியை. என் பங்கில் ஒரு ஃபிளாட் வாங்க ஆசை. பயமாகவும் இருக்கிறது. எனக்குத்தான் விவரம் போதவில்லையா?
- வாசகி, திருச்சி

பதில்: விவரம் இருப்பதால்தான் பயப்படுகிறீர்கள், சகோதரி.

உங்கள் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி பிடித்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு வரியும் நூல் விலை, கூலி மாதிரி ஆடிட்டரோடு உட்கார்ந்து குறைக்கப் பார்க்கும் ஒரு செலவு. நாளைக்கு நோட்டீஸ் வந்தாலும் ஆடிட்டர் போய்ப் பேசுவார், கம்பெனி தாங்கிக்கொள்ளும். அந்தத் துணிச்சல் அவரிடம் இருக்கும் பணம் கொடுத்தது. அவர் பணக்காரர் என்பதால் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தனக்குச் சுலபமானது தங்கைக்கும் சுலபம் என்று நினைக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் பங்கில் ரொக்கமாக வருவது 16 லட்சம். அண்ணன் அதைத் தொழிலில் சுழற்றிவிடுவார். நீங்கள் என்ன செய்வீர்கள்? வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வங்கிக் கடனோடு ஃபிளாட் வாங்கும்போது அதைக் கணக்கில் காட்ட முடியாது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது ரொக்கத்தைக் கையில் வாங்கியவர் தலையில்தான் விழும்.

சரி, நேர்மையாகக் கட்டினால் எவ்வளவு? 2001க்கு முன் அப்பா வாங்கிய வீடு என்றால், 1.4.2001 அன்றைய மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்குக்கு 3 லட்சம் போக லாபம் 37 லட்சம். அதற்கு 12.5 சதவீத வரியும், அந்த வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து சுமார் 4.81 லட்சம். அதுவும், விற்ற 2 வருடத்துக்குள் அந்த லாபத்துக்குக் குறையாத விலையில் வீடு வாங்கினால் இந்த வரியே வராது! நீங்கள் ஆசைப்படும் ஃபிளாட்டே உங்களுக்கு வரிவிலக்கு. வீடு அமையத் தாமதமானால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தை வங்கியில் இதற்கென்றே இருக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

அண்ணனிடம் சட்டம், தர்மம் என்று பேசப் போனால் சண்டையாகிவிடும். "எனக்கு வீடு வாங்கணும்ணா, முழுத் தொகையும் வெள்ளையா இருந்தாத்தான் லோன் கிடைக்கும்" என்று சொல்லுங்கள். தங்கைக்கு வீடு அமைவதில் அவருக்கும் அக்கறை இருக்கும். தம்பியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிடிவாதம் பிடித்தாலும், நீங்கள் கையெழுத்துப் போடாமல் உங்கள் பங்கை யாரும் விற்க முடியாது. முக்கியமாக, யாருக்கும் பவர் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அட்வான்ஸும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.