சின்ன வயதில் வீடியோ கேமே கதி என்று கிடந்தவர்கள், இப்போது அதைத் தொடாமல் இருப்பது ஏன்?

என்னைக் கேட்டால், பயம்தான். பிடிக்காமல் விலகுகிறவன் ஒரு ரகம், பிடித்துத் தொலைத்ததால் விலகுகிறவன் இன்னொரு ரகம். நான் இரண்டாவது.

நான் ஆடி வளர்ந்தவை, டிவியில் மாட்டும் பெட்டியில் கேசட் சொருகி ஆடிய எட்டு பிட் காலத்து ஆட்டங்கள். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடும் டக் ஹன்ட். படம் வரவில்லையென்றால் கேசட்டை உருவி, ஊதி, மறுபடி சொருகுவோம், வந்துவிடும். உண்மையில் கழற்றி மாட்டியதில் பின்கள் சரியாகத் தொட்டதால்தான் வந்ததாம். ஊதிய ஈரத்தில் அந்தப் பின்கள் அரித்துப்போகத்தான் வழி செய்திருக்கிறோம். (இதைப் படித்துப் பல வருடமாகிறது. மனசு இன்னும் ஏற்கவில்லை. ஊதினால்தான் வரும்.)

கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. திரை மேல்நோக்கி மட்டுமே நகரும். இருவர் ஆடும்போது ஒருவர் முந்திக்கொண்டு மேலே தாவினால், கீழே நிற்பவர் திரையின் அடிவிளிம்புக்குள் போய்ச் செத்துவிடுவார். எதிரி சுடவே வேண்டாம். என் லைஃப் முக்கால்வாசி போனது அக்காவால்தான். "நில்லுக்கா, நில்லுக்கா" என்று கத்தி முடிப்பதற்குள் அவள் அடுத்த பாறையில் இருப்பாள்.

அதனால்தான் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் முப்பது லைஃப் தரும் மந்திரம் இன்றும் எங்கள் விரலில் இருக்கிறது. அந்த வரிசையை முதலில் வைத்தவர், கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கக்கூட முடியாத அளவுக்கு ஆட்டம் அவருக்கே கஷ்டமாக இருந்ததாம். செய்தவர் கதியே அப்படி!

பெரியவனான பிறகு போனில் ஒரு கோட்டை கட்டும் விளையாட்டில் மாட்டினேன். சுவர் ஒன்றை உயர்த்தக் கொடுத்தால் எட்டு மணி நேரம் ஆகும். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. "எங்கேயாவது கிளம்பணுமா?" என்று தூக்கக் கலக்கத்தில் மனைவி கேட்டாள். சுவர் கட்டி முடிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்க என்றேன். தண்ணீர் குடிக்க அலாரம் வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் அதை அழித்துவிட்டேன், அதற்குப் பிறகு எதையும் ஏற்றவில்லை.

எனக்குச் சின்ன வயதிலும் கட்டுப்பாடு கிடையாது. அந்த வேலையைப் பெட்டியே பார்த்துக்கொண்டது. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இடம் போதாமல், மேகத்துக்குப் பச்சை பூசிப் புதராகவும் வைத்திருப்பார்கள். 32 ஸ்டேஜ், மூன்று லைஃப், நிஜ நொடியைவிட வேகமாக இறங்கும் கடிகாரம். சேமிக்க வழியில்லை. தோற்றால் கேம் ஓவர் என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இப்போதையவை தள்ளுவதே இல்லை. நாளைக்கும் வா, பரிசு தருகிறேன் என்கின்றன.

ஆசை தாளாமல் ஒருமுறை கணினியில் எமுலேட்டர் போட்டேன், பழைய பெட்டி மாதிரியே நடித்து அந்த ஆட்டங்களை ஓட்டும் மென்பொருள். செத்த இடத்திலிருந்தே தொடரலாம் என்ற வசதியில் கான்ட்ராவை ஒரே மாலையில் முடித்தேன். சப்பென்று போய்விட்டது. டக் ஹன்டைப் பழையபடி பெட்டியின் துப்பாக்கியால் சுட்டு ஆட அந்த வழியும் இல்லை. விசையை அழுத்தியதும் திரை இருண்டு, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும், அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பிடிக்கும். பழைய குண்டு டிவியின் வேகத்துக்குச் செய்தது அது. இன்றைய தட்டை டிவிகள் நொடியின் சின்னத் துணுக்கு தாமதிப்பதால் குறி விழாது.

இப்போது ஒரே ஒரு விதிவிலக்கு, அக்கா வரும்போது. இரண்டு ஜாய்ஸ்டிக், மந்திரம் கிடையாது, சேமிப்பு கிடையாது. போன தடவை அருவியில் என் மூன்று லைஃபும் போயின. மூன்றுமே எதிரியால் இல்லை.