சம்பங்கித் தூரைப் பிரித்து நடுவது எப்படி?

மூன்று ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கும் சம்பங்கி, இலையாகவே அடர்ந்து பூக்காமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் போட்டுப் பயனில்லை, இடநெருக்கடிதான் காரணம். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கத்தில் வரும் குட்டிக் கிழங்குகள்தான் அடுத்துப் பூக்க வேண்டும். அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தால் பருக்காது, பூத்தண்டும் விடாது.

தயங்காமல் தோண்டுங்கள். முதலில் தண்ணீரை நிறுத்தி இலை பழுக்க விடுங்கள். பிறகு தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, கொத்தாகத் தூக்கி, மண்ணை உதறிக் கையாலேயே பிரியுங்கள். கத்தி வேண்டாம், காயத்தில் அழுகல் புகுந்துவிடும். நடுவில் இருக்கும் பழைய கிழங்கையும் அழுத்தினால் அமுங்குவதையும் கழித்துவிடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அந்த இடத்தில் மறுபடி நடவே கூடாது.

நல்ல கிழங்குகளை நிழலில், காற்றாட, 30 நாள் பரப்பி வையுங்கள். பலர் பொறுமையிழந்து தாண்டிவிடும் கட்டம் இது. இந்த ஓய்வு கிடைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

ஜூன், ஜூலை நடவுக்கு ஏற்ற காலம். 25 முதல் 30 கிராம் எடையுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, வரிசைக்கு 45 சென்டிமீட்டர், செடிக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில், மேல் மண் 2.5 சென்டிமீட்டர் மூடும்படி நடுங்கள். தொழுவுரத்தோடு வேப்பம் புண்ணாக்கும் கலந்த மண் நல்லது. பொடிக் கிழங்குகளை எறிந்துவிடாதீர்கள். தனிப் பாத்தியில் வளர்த்தால் பின்னால் அவையும் பூக்கும்.