சொந்தப் பதிப்பாக வந்த அறிவியல் புனைகதை நாவல்களின் முதல் அத்தியாயத்தை எப்படி மதிப்பிடுவது?

ஹட்டன் பக்கம் ஒரு வாசகர் வட்டத்துக்கு நடுவராக இருக்கிறேன், எதைப் பார்த்துப் புள்ளி போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். நம் நூல்களில் இவை தாராளம். கிண்டிலில் இலவச மாதிரியாகக் கிடைப்பது ஏறக்குறைய முதல் 10 சதவீதம். அதை உரைகளே தின்றுவிட்டால் கதை வாசகன் கண்ணில் படாது. இதற்குப் புள்ளி குறைக்க வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் வாசிப்பை ஒரே மூச்சில் முடியுங்கள். கவனம் விலகிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். காரணத்தை இரண்டாம் வாசிப்பில் தேடலாம். இரண்டு நடுவர்களின் கோடும் ஒரே பந்தியில் விழுந்தால் கோளாறு அங்கேதான்.

பெரும்பாலும் கோடு விழுவது வரலாற்றுப் பாடம் தொடங்கும் இடத்தில். "கி.பி. 2140. மூன்றாம் உலகப் போர் முடிந்து அறுபது ஆண்டுகள். தோட்டங்களை இயந்திரங்கள் ஆண்டன." இதில் ஆளும் இல்லை, அவருக்கு ஒரு தேவையும் இல்லை. அதே உலகை இப்படியும் தொடங்கலாம்: "தராசு பதினெட்டு கிலோ காட்டியது. கணக்கில் பதினாறுதான் ஏறியது. கேட்பதற்குக் கணக்கப்பிள்ளை இல்லை. சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடி." தேயிலைக் கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த வழக்கு. புதியது கண்ணாடி ஒன்றுதான். அது யாருடையது என்று கேட்க வைத்துவிட்டது. 20 புள்ளியில் 8 இதற்கே கொடுப்பேன்.

"உனக்குத்தான் தெரியுமே" என்று ஒருவர் மற்றவருக்கு உலகை விளக்கும் உரையாடல் இதே நோயின் மறுபக்கம். முதல் பக்கத்தில் ஆசிரியரே உருவாக்கிய புனைசொற்கள் மூன்றுக்கு மேல் வந்தாலும் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

உலகின் உள்ளிணைவுக்கு 5. நுவரெலியாவில் மழை பொய்த்துவிட்டது என்றால் தேயிலை அப்படியே நிற்க முடியாது. அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீற்றராவது மழை வேண்டும். தேயிலை போனால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு போகும், வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையே மாறும். மழையை மட்டும் நிறுத்திவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தால் ஆசிரியர் யோசிக்கவில்லை.

அறிவியலுக்கு 4 போதும். செவ்வாயில் இருக்கும் மகனோடு அம்மா பதுளையிலிருந்து தொலைபேசியில் பேசுவதுபோல் பேசினால் தவறு. ஒளி ஒரு வழி போகவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஒளியை முந்தும் கருவி உண்டு என்றால் பாதகமில்லை, அதை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிட வேண்டும். அந்தத் தாமதத்தையே கதையாக்கியவருக்கு முழுப் புள்ளி.

மொழிக்கும் பிரதிச் செம்மைக்கும் 3. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் "அவர்" என்று தேடிப் பாருங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடலில் அகப்படாவிட்டால், ர் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால்மேல் புள்ளி நிற்கிறது. சில திரைகளில் அது உடைந்து தெரியும். பிழை திருத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

புள்ளி சமமாக வந்தால் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் அத்தியாயத்தைப் பத்து முறை செதுக்கியவர்கள் அங்கே பிடிபடுவார்கள்.