239-வது பந்தயத்தில் கிடைத்த மேடை

கேள்வி: 2025-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஜெயித்தவர் லாண்டோ நாரிஸ். ஆனால் மூன்றாவதாக வந்த ஜெர்மன் ஓட்டுநர் நிக்கோ ஹுல்கன்பெர்க்குக்குத்தான் எல்லோரும் அப்படிக் கைதட்டினார்கள். மூன்றாம் இடத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
– ஒரு வாசகர், திருச்சி

இடத்தைப் பார்த்தால் மூன்றுதான். எத்தனை வருடம் கழித்து அந்த மூன்று கிடைத்தது என்று பாருங்கள். ஹுல்கன்பெர்க் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டியது 2010 மார்ச்சில், பஹ்ரைனில். சில்வர்ஸ்டோன் மேடையில் ஏறியது 2025 ஜூலை 6. நடுவில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அது அவருக்கு 239-வது பந்தயம். அவருக்கு முன்னால் முதல் போடியத்துக்காக (முதல் மூன்று பேர் ஏறும் மேடை) அதிகம் காத்திருந்தவர் கார்லோஸ் சைன்ஸ், அவருக்கே 101-வது பந்தயத்தில் கிடைத்துவிட்டது. போடியமே ஏறாமல் அதிகப் பந்தயம் ஓட்டியவர் என்ற பெயர் முன்பு ஏட்ரியன் சூட்டில் என்ற இன்னொரு ஜெர்மானியரிடம் இருந்தது, 128 பந்தயம். 2017-ல் சிங்கப்பூரில் ஹுல்கன்பெர்க் அதைத் தாண்டினார். யாருக்கும் வேண்டாத சாதனை அது. அதற்கப்புறம் அவர் காரில் ஏறும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த எண் ஒன்று கூடியது.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? நம் ஊர் நேரம் இரவு ஏழரைக்குப் பந்தயம். தொடக்கத்தில் அவர் நின்றது 19-வது இடத்தில், சாபர் காரில். அந்த அணி கடைசியாக மேடை ஏறியது 2012-ல் ஜப்பானில், கமுய் கோபயாஷி ஓட்டியபோது. ஆக, அன்று அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தடம் ஈரமாக இருந்தது. வெயில் வந்துவிடும் என்று நம்பிச் சிலர் தொடக்கத்திலேயே உலர் தடத்துக்கான டயருக்கு மாறினார்கள், வழுக்கிப் பின்தங்கினார்கள். இவர் இன்டர்மீடியட் டயரிலேயே, அதாவது மிதமான ஈரத்துக்கான டயரிலேயே நின்றார். அடுத்த மழை வலுக்கப்போகிற நேரத்தில் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்து புது இன்டர்மீடியட் போட்டுக்கொண்டார். எதிரே தண்ணீர்ப் புகையில் ஒன்றும் தெரியாத அந்தச் சுற்றுகளில் ஒருவர் சுழன்றார், ஒருவர் மோதினார், இவர் மட்டும் கோடு போட்டதுபோல் போய்க்கொண்டே இருந்தார்.

அப்புறம் லான்ஸ் ஸ்ட்ரோலைத் தாண்டி மூன்றாம் இடம். உடனே பின்னால் வந்தது யார் என்றால் லூயிஸ் ஹாமில்டன், ஃபெராரி காரில். ஏழு முறை உலக சாம்பியன், சொந்த நாட்டு ரசிகர்கள், 2014-லிருந்து 2024 வரை எந்த வருடமும் பிரிட்டிஷ் பந்தயத்தில் போடியம் தவறாதவர். நான் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். தடம் காயத் தொடங்கியதும் ஹாமில்டன் முதலில் பிட்டுக்குப் போய் உலர் டயர் போட்டார். சாபர் அணி ஹுல்கன்பெர்க்கைப் பிட்டுக்குக் கூப்பிடாமல் இன்னும் ஒரு சுற்று ஓடவிட்டது. இன்னும் ஈரம் மிச்சமிருந்த தடத்தில் புது டயரோடு ஹாமில்டன் தடுமாற, அந்த ஒரே சுற்றில் இடைவெளி கூடிவிட்டது. கடைசியில் ஹுல்கன்பெர்க் சுமார் ஐந்து விநாடி முன்னால் கோட்டைத் தாண்டினார். பிட் சுவரில் சாபர் ஆட்கள் ஏறி நின்று கத்தியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று தந்த கோப்பைகள் லெகோ கட்டைகளால் செய்தவை. பதினைந்து வருடம் காத்திருந்தவர் கையில் குழந்தைகள் விளையாடும் கட்டையில் செய்த கோப்பை! அதை அவர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த படம் எனக்கு ரொம்பப் பிடித்த படம்.

கேள்வி: இத்தனை வருடம் கிடைக்கவில்லை என்றால் திறமை குறைவு என்றுதானே அர்த்தம்? எல்லாவற்றையும் அதிர்ஷ்டம் என்று சொல்லி மழுப்பக் கூடாது.
– ஒரு வாசகி, மதுரை

மழுப்பவில்லை. திறமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2010, பிரேசில், இன்டர்லாகோஸ். அவருக்கு அது முதல் வருடம், வில்லியம்ஸ் கார். யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவுசெய்யும் குவாலிஃபையிங்கில் தடம் காய்ந்துகொண்டிருந்தது, கடைசி நிமிடங்களில் உலர் டயருக்கு மாறினார்கள். இவர் போட்ட நேரம் 1 நிமிடம் 14.470 விநாடி. இரண்டாவது வந்த செபாஸ்டியன் வெட்டல் இவரைவிட ஒரு விநாடிக்கும் மேல் பின்னால் இருந்தார். அடுத்த வாரமே உலக சாம்பியன் ஆன வெட்டல்! ஃபார்முலா ஒன்னில் விநாடியை ஆயிரமாகப் பிரித்துச் சண்டை போடுகிறார்கள், அங்கே ஒரு முழு விநாடி என்பது மலைக்கும் மடுவுக்குமான தூரம். திறமை இல்லாதவர் அதைச் செய்ய முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கைக்கு வந்ததை அவரே தவறவிட்ட நாட்கள் உண்டு. 2012-ல் அதே இன்டர்லாகோஸில், மழையில், ஃபோர்ஸ் இந்தியா காரை ஓட்டிக்கொண்டு பந்தயத்தையே முன்னின்று நடத்தினார். அவரும் ஜென்சன் பட்டனும் மற்றவர்களை விட்டு வெகு தூரம் போய்விட்டார்கள். தடத்தில் கிடந்த துண்டுகளை எடுக்க, எல்லோரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் வந்து அந்த இடைவெளியை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. அது அவர் தவறில்லை. ஆனால் பின்னர் ஹாமில்டனிடம் இழந்த முதல் இடத்தைத் திரும்பப் பிடிக்க முதல் வளைவில் உள்பக்கமாக நுழைந்தபோது காரின் பின்பகுதி வழுக்கி, ஹாமில்டன் மேல் மோதினார். ஹாமில்டன் பந்தயம் அங்கேயே முடிந்தது, இவருக்குத் தண்டனை, ஐந்தாம் இடம். அது முழுக்க அவர் கணக்கில்தான் சேரும்.

2017 பாகுவில் முன்னால் இருந்தவர்கள் வரிசையாகச் சிக்கலில் மாட்டிக்கொண்ட நாளில் இவர் உள்பக்கச் சுவரில் உரசி சக்கரத்தின் இணைப்பை உடைத்துக்கொண்டார். 2019 ஹாக்கன்ஹைம் இன்னும் வலிக்கும், சொந்த நாடு அல்லவா. மழை, குழப்பம், முன்வரிசையில் இவருடைய ரெனோ. கடைசி வளைவுகளுக்கு வெளியே இருந்த தரை டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டுப் பந்தயத்துக்காகப் போட்ட தளம், ஈரம் பட்டால் சோப்பு தடவிய குளியலறை மாதிரி. அதில் கால் வைத்தவர் தப்புவது கஷ்டம். சார்ல்ஸ் லெக்லர் அங்கேதான் போனார், ஹாமில்டனும் போய் மோதினார், ஹுல்கன்பெர்க்கும் போனார். அன்று மூன்றாவதாக வந்தது டோரோ ரோஸோ கார், நான்காவது ரேசிங் பாயிண்ட். தடத்திலேயே நின்றிருந்தால் போதும்.

என் தீர்ப்பு இதுதான்: பெரிய அணியின் கார் கிடைத்தவர்களுக்கு வருடத்துக்குப் பத்து வாய்ப்பு வரும், மூன்றைத் தவறவிட்டாலும் ஏழு மிஞ்சும். நடுவரிசைக் காரில் உட்கார்ந்தவருக்கு நான்கைந்து வருடத்துக்கு ஒரு வாய்ப்பு. அதில் வழுக்கினால் ஊரே பத்து வருடம் அதைப் பேசும். அவர் தவறு செய்தார் என்பது உண்மை. மற்றவர்களைவிட அதிகம் செய்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: உயரமாக இருந்ததால் அவருக்குப் பெரிய அணி கிடைக்கவில்லை என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், சேலம்

முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கதை இல்லை. அவர் உயரம் 184 சென்டிமீட்டர், பந்தய ஓட்டுநர்களில் அது அதிகம். 2014-ல் ஹைப்ரிட் எஞ்சின்கள் வந்து கார்கள் கனத்துப்போயின. அப்போது காரையும் ஓட்டுநரையும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை. ஓட்டுநர் ஐந்து கிலோ குறைவாக இருந்தால் அந்த ஐந்து கிலோவை வேண்டிய இடத்தில் எடைக்கட்டியாக வைத்துக்கொள்ளலாம், காரின் சமநிலை சீராகும். உயரமானவருக்கு எலும்பே எடை, எதைக் குறைப்பது? ஓட்டுநர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது பெரிதாக எழுந்தது. 2019-ல்தான் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோ என்று தனியாக விதி வைத்தார்கள். ஹுல்கன்பெர்க் சரியாகப் பெரிய அணிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த வயதில் அந்த அநியாய விதியில் மாட்டினார். 2013-ல் ஃபெராரிக்குப் போவார் என்று பேச்சு பலமாக அடிபட்டது, அந்த இடம் கிமி ரைக்கோனனுக்குப் போனது.

கேள்வி: அவர் இந்தியாவில் ஓட்டியிருக்கிறாரா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

ஓட்டியிருக்கிறார். 2012-ல் டெல்லி அருகே புத் தடத்தில், விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா காரில் எட்டாவது. 2013-லும் வந்தார், அப்போது சாபர் காரில்.

கேள்வி: காபி குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு பந்தயத்தில் உட்கார வைத்தார்கள் என்பது நிஜமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

நிஜம், அதுவும் அந்த வருடத்தில் இரண்டாவது முறை. 2019 முடிவில் ரெனோ அணி அவரை விட்டுவிட்டது, 2020-க்கு வேலை இல்லை. கொரோனா காலம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ரேசிங் பாயிண்ட் ஓட்டுநர் செர்ஜியோ பெரஸுக்குத் தொற்று வந்ததும் இவரை சில்வர்ஸ்டோனுக்கு வரச் சொன்னார்கள். முதல் ஞாயிறு கார் கிளம்பவே இல்லை, கிளட்ச் பகுதியில் ஒரு போல்ட் உடைந்திருந்தது. அதனால்தான் அவர் பெயர் இருந்த பந்தயங்களின் எண்ணிக்கையும் அவர் நிஜமாகவே தொடங்கிய எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது, 239 என்பது தொடங்கிய கணக்கு. அடுத்த வாரம் அதே தடத்தில் குவாலிஃபையிங்கில் மூன்றாவது! எட்டு மாதம் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டாத மனிதர்! பந்தயத்தில் கூடுதலாக ஒரு முறை டயர் மாற்ற வேண்டிவந்து ஏழாவதாக முடித்தார்.

காபி கதை அக்டோபரில். நர்பர்க்ரிங் பந்தயம், சனிக்கிழமை காலை லான்ஸ் ஸ்ட்ரோலுக்கு உடம்பு சரியில்லை. ஹுல்கன்பெர்க் ஒரு மணி நேரத் தூரத்தில் கொலோன் நகரத்தில் நண்பரோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது, கிளம்பினார். ஒரு பயிற்சிச் சுற்றுகூட இல்லாமல் நேரே குவாலிஃபையிங். கடைசி இடம், அதில் ஆச்சரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டாவது. இரண்டே பந்தயத்தில் 10 புள்ளி. முழு வருடம் ஓட்டி அவ்வளவு எடுக்காதவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: என் பையனுக்குப் பத்து வயது, இரண்டு வருடமாக கார்ட்டிங் (குட்டிப் பந்தயக் கார்) ஓட்டுகிறான். ஒரு கோப்பையும் இல்லை. செலவு கழுத்தை நெரிக்கிறது. நிறுத்திவிடலாமா?
– ஒரு அப்பா, கோவை

உங்கள் கஷ்டம் புரிகிறது சார். ஹுல்கன்பெர்க் கார்ட்டிங் தொடங்கியதே பத்து வயதுவாக்கில்தான், அதனால் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். கோப்பையை எண்ணாதீர்கள். அதே எஞ்சின், அதே வயதான டயர் போட்ட இன்னொரு பையனோடு அவன் சுற்று நேரத்தை ஒப்பிடுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடைவெளி குறைகிறதா? மழை பெய்த நாளில் மற்றவர்களைவிடக் குறைவாகச் சுழல்கிறானா? இது இரண்டும்தான் அடையாளம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், அது மேலே போகப் போகக் கூடும். ஹுல்கன்பெர்க் 2005-ல் ஜெர்மனியில் ஃபார்முலா பிஎம்டபிள்யூ பட்டம், 2006-07-ல் ஏ1 ஜிபி போட்டியில் ஜெர்மனிக்குப் பட்டம், 2008-ல் ஃபார்முலா த்ரீ யூரோ சீரீஸ், 2009-ல் ஜிபி2 முதல் வருடமே சாம்பியன் என்று ஃபார்முலா ஒன்னுக்குக் கீழே உள்ள போட்டிகளை வரிசையாக ஜெயித்துவிட்டு வந்தவர். இன்டர்லாகோஸ் குவாலிஃபையிங்கில் அந்த முதல் இடம் எடுத்தும் வருட முடிவில் வில்லியம்ஸ் அவரை விட்டுவிட்டு, வெனிசுலா எண்ணெய் நிறுவனத்தின் பணத்தோடு வந்த பாஸ்டர் மால்டொனாடோவை எடுத்தது. அவ்வளவு பட்டம் வாங்கியவர் 2011 முழுக்க மாற்று ஓட்டுநராக உட்கார்ந்திருந்தார். வீட்டை அடகு வைக்கும் கட்டம் வந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரை பையன் ஆசையாக ஓட்டினால் ஓட்டட்டும்.

கேள்வி: அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த நாள் சில்வர்ஸ்டோன்தானா?
– ஒரு வாசகர், சென்னை

என்னைக் கேட்டால் இல்லை. 2015 ஜூன் 14, லு மான். கனடா பந்தயம் முடிந்து ஒரு வாரம், ஆஸ்திரியாவுக்கு ஒரு வாரம் முன்னால், நடுவில் பிரான்ஸுக்குப் போய் 24 மணி நேரப் பந்தயம் ஓட்டினார். போர்ஷே நிறுவனம் மூன்று கார் இறக்கியது, இவர் இருந்தது 19-ம் எண் கார், ஏர்ல் பாம்பர், நிக் டாண்டி என்ற இருவரோடு. மூவரில் யாரும் அதற்கு முன் முதல் தரக் காரில் லு மான் ஓட்டியதில்லை. ஜெயிக்க வேண்டிய கார் என்று எல்லோரும் வேறு இரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு குளிரக் குளிர இந்த மூவரும் வேகத்தைக் கூட்டினார்கள், விடியும்போது முன்னிலை அவர்களிடம் இருந்தது, விடவே இல்லை. 395 சுற்று. போர்ஷேவுக்கு 1998-க்குப் பிறகு முதல் வெற்றி. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே லு மான் ஜெயித்தவர் 1991-க்குப் பிறகு இவர்தான்.

கோட்டைத் தாண்டியபோது காரில் இருந்தவரும் ஹுல்கன்பெர்க்தான். ஆக, மேடையே ஏறாதவர் என்று அவரைப் பற்றி எழுதிய பத்து வருடமும், உலகத்தில் இன்றும் நடக்கும் மிகப் பழைய நீண்ட தூரக் கார் பந்தயத்தின் மேடையில் உச்சியில் நின்றவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.