ட்ரோன் எழும்புமுன் பார்க்க வேண்டியவை: புதிதாக வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்து போகும் விடுமுறைக் காலம் முடிந்தால் ட்ரோன் பற்றிய கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இம்முறை வந்தவற்றில் அதிகம், முதல் சில பறப்புகளிலேயே ஏதோ நடந்து, அது ஏன் நடந்தது என்று கேட்பவை. வாசித்துக்கொண்டு போனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. விரல் தடுமாறி விழுந்த ட்ரோன்கள் குறைவு. தரையில் இருக்கும்போது பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றால் விழுந்தவையே அதிகம். பதில்களிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து மாமா ஒரு ட்ரோன் கொண்டுவந்து தந்தார். எடை 249 கிராம்தான். 250 கிராமுக்குக் குறைந்தால் ஒரு அனுமதியும் தேவையில்லை என்று நண்பன் சொல்கிறான். எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியிலிருந்து கடல் பக்கமாகப் பறக்கவிடலாமா? (வெள்ளவத்தை)

உங்கள் நண்பர் சொல்வது கனடாவின் விதி. அங்கே 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குப் பதிவும் தேவையில்லை, ஓட்டுநர் சான்றிதழும் தேவையில்லை. தயாரிப்பாளர்கள் 249 கிராமில் கொண்டுவந்து நிறுத்துவதும் இப்படியான விதிகளை மனதில் வைத்துத்தான். அந்த விதி மாமாவின் பெட்டியோடு சேர்ந்து இங்கே வராது.

இலங்கையில் ட்ரோன்கள் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதை இந்தச் சபை தடை செய்தது. அந்தத் தடை பின்னர் தளர்ந்தது. ஆனால் பாதுகாப்புத் தரப்பின் கவனம் அன்றிலிருந்து கூடித்தான் இருக்கிறது. நாட்டுக்குள் கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் பாதுகாப்பு அமைச்சும் சம்பந்தப்படுகின்றன. பறக்கவிடுவதற்குப் பதிவும் அனுமதியும் வேண்டும். மாமா கொண்டுவந்தபோது என்ன கடதாசிகள் கொடுத்தார்கள் என்று முதலில் கேட்டு வையுங்கள். பதிவுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

இனி இடம். கொழும்பின் வடக்கே துறைமுகம், நடுவே ஜனாதிபதி செயலகம், தூதரகங்கள். தெற்கே இரத்மலானை விமான நிலையம். கல்கிசைப் பக்கத்தில் சிறு விமானங்கள் கடலிலிருந்து மிகத் தாழ்வாக வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளவத்தை இவை எல்லாவற்றுக்கும் இடையில் இருக்கிறது. போதாததற்குக் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ரயில் பாதை. எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் அங்கே எழுப்பவே வேண்டாம்.

அனுமதி கிடைத்தாலும்கூட மொட்டை மாடி முதல் பறப்புக்கான இடம் அல்ல. கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். கட்டடத்தின் விளிம்பில் மோதி மேலெழும் காற்று, எழும்பிய உடனேயே ட்ரோனைத் தூக்கிப் போடும். திரும்பி இறங்குவதற்குத் தண்ணீர்த் தாங்கிக்கும் கைபிடிச் சுவருக்கும் இடையில் ஒரு துண்டு இடம்தான் கிடைக்கும். நகரத்துக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் வெட்டைக் காணி இருந்தால், சொந்தக்காரரிடம் கேட்டு, அங்கே பறப்பதற்கும் அனுமதி உண்டா என்று சபையிடம் உறுதி செய்துகொண்டு, அங்கே போய்ப் பழகுங்கள்.

பறந்துகொண்டிருக்கும்போது போன் திரை உறைந்துவிட்டது. பயத்தில் வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன். ட்ரோன் நேராக வந்து தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. கருவியில் கோளாறா? (பாமன்கடை)

கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. அது தனக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையை அப்படியே செய்திருக்கிறது. இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் நிறையப் பேர் அனுப்பியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜிபிஎஸ் உள்ள ட்ரோன்களில் திரும்பி வருவதற்கென்று ஓர் உயரம் செயலியில் குறிக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினாலோ, தொடர்பு அறுந்தாலோ, பற்றரி குறைந்தாலோ ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வந்து, கீழே இறங்கும். அந்த உயரம் 20 மீட்டர் என்று இருந்து, வழியில் 25 மீட்டர் தென்னை நின்றால் நடப்பது நீங்கள் பார்த்ததுதான். பல சிறிய ட்ரோன்களில் முன்பக்கம் தடையை உணரும் கருவியே கிடையாது. இருக்கும் ட்ரோன்களும் தென்னோலை, மின்கம்பி, பட்ட நூல் போன்ற மெல்லிய பொருட்களைத் தவறவிடும். இருட்டிவிட்டால் அவற்றை நம்பவே முடியாது.

எனவே ஒவ்வொரு இடத்திலும் எழும்புமுன் சுற்றிவரப் பாருங்கள். எது உயரம்? ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கணக்கு வைத்தால், பன்னிரண்டு மாடிக் கட்டடம் 36 மீட்டர். மேலே தண்ணீர்த் தாங்கி, அன்டெனா எல்லாம் சேர்த்து 45 என்று வையுங்கள். அதற்கு மேல் இன்னும் 15 மீட்டர் கூட்டி, திரும்பும் உயரத்தை 60 ஆக்குங்கள். அது உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட உயரத்தைத் தாண்டினால் அந்த இடம் உங்களுக்கு உரியதல்ல. வேறு இடம் பாருங்கள். கொழும்பின் நடுப்பகுதியில் இந்தக் கணக்கே செல்லாது. பேரே வாவியைச் சுற்றி 240 மீட்டர் அல்டெயார் கட்டடமும், ஏறத்தாழ 350 மீட்டர் தாமரைக் கோபுரமும் நிற்கின்றன. அவற்றுக்கு மேலாக யாரும் திரும்பி வர முடியாது.

உயரம் போலவே முக்கியம், ட்ரோன் எதை 'வீடு' என்று நினைக்கிறது என்பது. போதுமான செய்மதிகள் கிடைத்த பிறகுதான் அது எழும்பிய இடத்தைக் குறித்துக்கொள்ளும். பொறுமையில்லாமல் முன்பே எழுப்பிவிட்டால், நடுவானில் செய்மதி கிடைக்கும் இடம் வீடாகப் பதிவாகலாம். அது அயல்வீட்டுக் கூரையின் மேலாகவும் இருக்கலாம். செயலி வாய்விட்டுச் சொல்லும், அல்லது திரையில் காட்டும். அது வரும்வரை நில்லுங்கள். படகில் நின்று எழுப்பினால், படகு நகர்ந்த பிறகும் ட்ரோன் பழைய இடத்துத் தண்ணீருக்குத்தான் திரும்பி வரும்.

மண்டபத்துக்குள்ளோ கூரைக்குக் கீழோ பழகுபவர்கள், தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை 'அங்கேயே நில்' என்றோ 'இறங்கு' என்றோ மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பும் உயரத்துக்கு ஏறப் பார்த்து, நேரே கூரையில் போய் மோதும்.

முதல் நாளிலேயே ஒத்திகை பாருங்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பொத்தானை அழுத்தி, என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு இடையில் மறித்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். இதை ஒருமுறை அமைதியாகச் செய்தவருக்குத் திரை உறையும்போது கை நடுங்காது. திரை உறைந்தாலும் ரிமோட் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதும் அப்போது பிடிபடும். ட்ரோனைக் கண்ணால் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

மரத்தில் மாட்டிய ட்ரோனின் விசிறிகளை மறுபடி சுற்றவிடாதீர்கள், மோட்டார் எரிந்துபோகும். மின்கம்பியில் மாட்டியிருந்தால் தடி, ஏணி எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ட்ரோன் என்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகிறது. எப்படிப் பழகுவது? (தெஹிவளை)

எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. ட்ரோனின் முகம் உங்கள் பக்கம் திரும்பினால் அதன் வலது உங்கள் இடது. அந்த நேரத்தில் குழம்பினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் பிடித்திருக்கும் ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு அதைத் திருப்பி, வாலை உங்கள் பக்கம் கொண்டுவந்து தொடருங்கள்.

பழக்கத்துக்கு, வால் உங்கள் பக்கம் இருக்க ஒரு சதுரம் போடுங்கள். அடுத்து பக்கவாட்டில், கடைசியாக முகம் உங்கள் பக்கம் இருக்க அதே சதுரம். கமராவை மறந்துவிடுங்கள்; திரையைப் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். கணினியில் ஓட்டும் சிமுலேட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. டெல்லோ போன்ற 80 கிராம் ட்ரோன் ஒன்றை வீட்டு ஹோலுக்குள் ஓட்டியும் விரலைப் பழக்கலாம்.

விசிறி மாற்றினேன். எழும்பும்போதே குப்புறக் கவிழ்கிறது. (மருதானை)

விசிறிகள் இரண்டு வகை. ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. மூலைக்கு மூலை எதிராக இருக்கும் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். விசிறியிலும் மோட்டார்க் கையிலும் உள்ள குறியைப் பொருத்திப் பாருங்கள். விளிம்பு வெடித்த விசிறியைத் திரும்பப் போட வேண்டாம்.

ஜனவரியில் அனுமதி எடுத்து வத்தளைக் கடற்கரையில் பறக்கவிட்டேன். கடலுக்குள் பறந்து போனது. திரும்ப மட்டும் நகரவே மாட்டேன் என்றது. கடைசியில் பற்றரி 6 சதவீதத்தில் இருக்க மணலில் இறங்கியது. என்ன நடந்தது? (வத்தளை)

காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று நம் மேற்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதிகாலையில் தரைக்காற்றும் அதே திசையில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில்லாமல் வினாடிக்கு 10 மீட்டர் போகும் ட்ரோன். காற்று வினாடிக்கு 6 மீட்டர். போகும்போது 16 மீட்டர் வேகம். 600 மீட்டரை 40 வினாடிக்குள் கடந்துவிடும். திரும்பும்போது 4 மீட்டர்தான். அதே தூரத்துக்கு 150 வினாடி. நாலு மடங்கு. பாதிப் பற்றரியில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவர் கடலில் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். திரும்பும் வழியைக் காற்று சுலபமாக்கும். எழும்பியதும் ஒரு நிமிடம் மேலே நிறுத்தி வையுங்கள். ட்ரோன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. தென்னோலை அசைவதை வைத்து மட்டும் கணிக்காதீர்கள். 60 மீட்டரில் காற்று கீழே இருப்பதைவிடப் பலமாக இருக்கும். மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதும் அதே காரணத்தால்தான்: தடையில்லாத இடமாக இருந்தால் உயரத்தைக் குறைத்து, ஸ்போர்ட் முறைக்கு (வேகமாகப் பறக்கும் முறை) மாற்றி, நேராகக் கொண்டுவாருங்கள். ஸ்போர்ட் முறையில் தடையை உணரும் வசதி நின்றுவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை இதே கரையில் காற்று தலைகீழ். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து பலமாக வந்து ட்ரோனை வீடுகளின் பக்கம் தள்ளும். அப்போது காற்றுக்கு எதிராகப் போவதென்றால் கடலுக்கு மேல்தான் போக வேண்டும். ஜனவரியிலோ வீடுகளுக்கு மேல். அதனால்தான் புதிதாகப் பழகுபவருக்குக் கடற்கரை நல்ல இடமில்லை என்று நினைக்கிறேன், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும். இன்னொன்று: தண்ணீருக்கு மேல் தாழப் பறந்தால் ட்ரோனின் அடிப்பக்கக் கமரா அலையைப் பார்த்து ஏமாறும். குறைந்தது நாலைந்து மீட்டர் உயரம் வையுங்கள்.

காகங்கள் துரத்துகின்றன. (கொட்டாஞ்சேனை)

கொழும்பில் இது தவிர்க்க முடியாதது. கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம். விரட்டப் பார்க்காமல், வந்த வழியே விலகி இறக்கிவிடுங்கள். ஒன்று வந்தால் கூட்டமே வரும். பருந்து வட்டமிட்டாலும் அப்படித்தான். படம் இன்னொரு நாள் எடுக்கலாம். விசிறியில் அடிபட்ட பறவைக்கு இன்னொரு நாள் கிடையாது.

மூன்று மாதம் பாவிக்காமல் வைத்த பற்றரி ஊதிவிட்டது. சார்ஜ் பண்ணிப் பார்க்கலாமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். ஊதிய லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது. குத்தவோ அழுத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது. எரியாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

முழுச் சார்ஜில் நெடுநாள் வைத்தாலும், முழுதாக வற்றிய நிலையில் வைத்தாலும் பற்றரி கெடும். கிடப்பில் வைப்பதென்றால் பாதியளவு, அதாவது 40 முதல் 60 சதவீதம் சார்ஜ் போதும். பறந்து வந்த உடனே சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். பல சிறிய ட்ரோன்களுக்கு 40 பாகை செல்சியஸ்தான் எல்லை. மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் அதை எளிதில் தாண்டிவிடும். அடுத்த முறை மாமாவிடம் புதுப் பற்றரி கேட்டால், அதைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகளை விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள்.

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கலியாணம். என்னிடம் ட்ரோன் இருப்பது தெரிந்து, கோயிலில் தாலி கட்டும்போது மேலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறார்கள். வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. (பம்பலப்பிட்டி)

மறுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு மேலே பறப்பது அனுபவப்பட்டவரும் தனி அனுமதியோடுதான் செய்ய வேண்டிய வேலை. கோயில் வீதியில் பந்தல், தோரணம், மின்விளக்கு வயர்கள் எல்லாம் இருக்கும். கீழே குழந்தைகள் ஓடித் திரிவார்கள். 249 கிராம் எடை 30 மீட்டரிலிருந்து ஒரு தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். சுற்றியிருக்கும் வீடுகளின் முற்றமும் யன்னலும் உங்கள் கமராவில் விழும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சொந்தத்துக்குள் இல்லை என்று சொல்வது கஷ்டம் என்பது விளங்குகிறது. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே சொல்லிவிட்டால், பதிவும் அனுமதியும் உள்ள ஒருவரை அவர்களால் ஒழுங்கு செய்துகொள்ள முடியும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, ஆட்கள் கிட்ட வராமலும் வானத்தில் வேறு எதுவும் வராமலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படும். அந்த வேலையை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.