காரை நாமே பிரித்து வேலை பார்க்கும் பழக்கம் உங்களுக்கு முதலில் எப்படி வந்தது?

கேள்வியில் "அண்ணன்மார்களே, சொல்லுங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள் தம்பி. இதுவரை வந்த பதில்களும் அண்ணன்மார்களுடையவைதான். அப்பா வைத்திருந்த வண்டி, சித்தப்பாவின் ஷெட், காலேஜ் நண்பன் என்று போகின்றன. நடுவில் ஒரு அக்கா வந்து பதில் சொன்னால் பரவாயில்லையா? வயது ஐம்பது. வில்லிவாக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வண்டி, 1986 மாடல் பிரீமியர் பத்மினி.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, எங்கே ஆரம்பிப்பது" என்றும் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஐடி வேலை, ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ ஒரு பிளாட், "இதுக்கா இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்" என்று அம்மா புலம்பல், சரியா? எங்கள் வீட்டில் தம்பி சரியாகப் படிக்காதபோதெல்லாம் அப்பா சொன்ன வசனம், "மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போகப்போறே." அந்த ஷெட்டுக்கு வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தவள் நான்.

எனக்கு இதை ஆரம்பித்துவைத்தது என் மாமனாரின் கண்புரை.

மாமா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில், பெட்டியின் கூடு கட்டும் ஷெல் பக்கம் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அந்த பத்மினியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கிரீம் கலர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். நான் 1999-ல் கல்யாணமாகி வந்தபோது அந்த வண்டிக்கு வீட்டில் இருந்த மரியாதை மருமகளுக்குக்கூட இல்லை. இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறேன். அத்தை நல்லவர்.

அடுத்த வருஷம் மே மாதம், கத்திரி வெயில். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அமைந்தகரை சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலை, பின்னால் ஒரே ஹாரன், நான் பட்டுப்புடவையில். மாமா பதறவே இல்லை. பானெட்டைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து எஞ்சின் ஓரமாக இருந்த ஒரு சின்ன சாமான் மேல் போட்டார், ஜுரம் வந்த பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவது மாதிரி. ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

"என்ன மாமா அது?"

"ஏசி பம்பும்மா. சூட்டுல உள்ள பெட்ரோல் ஆவியாயிடுது. தண்ணியா இருந்தா பம்பு இழுக்கும், ஆவியை எப்படி இழுக்கும்?"

இந்த வண்டியில் ஏசியே கிடையாதே என்று நான் குழம்பியது தனிக்கதை. ஏசி என்பது அந்தப் பம்பைச் செய்த கம்பெனியின் பெயராம். பெட்ரோல் பம்புக்கே ஷெட்டுகளில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு அந்த ஈரத்துண்டு ஞாபகம்தான். இத்தனை பெரிய இரும்புக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று.

ஜூன் மாதம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மாதத்தில்தானா வண்டி மக்கர் செய்ய வேண்டும்? சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், பிளக்குக்குப் பொறி வரவைக்கிற பாயின்ட், கண்டென்சர், காயில் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. "மூணும் ஒரே நாள்ல எப்படிய்யா போகும்?"

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. (இதைப் படிப்பார். படிக்கட்டும்.) நான் அப்போது தையல் மிஷினில் அத்தைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஊசி கோக்கற கண்ணு போதும். நீ வாம்மா."

பானெட்டுக்குப் பக்கத்தில் ஈஸிசேரைப் போட்டாயிற்று. கண் என்னுடையது, காது அவருடையது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியில் இரண்டு பக்கமும் கிளிப். அதைத் தள்ளி மூடியை எடுத்தால் உள்ளே ரோட்டார். அதையும் உருவினால் பாயின்ட். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், ஒன்றையொன்று தொட்டும் விலகியும் வேலை செய்பவை. நடுவில் நாலு மூலை வைத்த ஒரு தண்டு சுற்றும். மூலை வந்து தள்ளும்போது பொட்டு விலகும், அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி வரும். வண்டியை டாப் கியரில் போட்டு, ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக வீட்டுக்காரரைத் தள்ளச் சொல்லி, மூலை சரியாக வந்து நிற்கும்படி வைத்தோம். அவர் அந்த வண்டிக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.

"பொட்டு எப்படிம்மா இருக்கு?"

"ஒண்ணுல மேடு இருக்கு மாமா. இன்னொண்ணுல பள்ளம்."

"கறுப்பா, நீலமா?"

"கறுப்பு."

எமரி தாளைக் கிழித்து மடித்து, மேட்டைத் தேய்க்கச் சொன்னார். அப்புறம் ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள். அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒன்றை எடுத்து இடைவெளியில் விடச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை, இறுக்கமா தளர்வா என்று. "பட்டுல ஊசி இழுக்கறப்ப லேசா ஒரு பிடி பிடிக்கும் பாரு, அந்த அளவு" என்றார். புரிந்துவிட்டது. திருப்புளியால் ஸ்குரூவை இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும். மறுபடி வைக்க வேண்டும். ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும். பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும்போது எனக்கு வராத பொறுமை அங்கே எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் மாட்டி சாவியைத் திருப்பினேன். டமார்! தென்னை மரத்துக் காக்கா அத்தனையும் பறந்தது. அத்தை பூஜை அறையிலிருந்து கையில் மணியோடு ஓடி வந்தார். கழற்றிய பிளக் ஒயர்களைக் கணக்கு டீச்சர் புத்தியில் 1-2-3-4 என்று வரிசையாக மாட்டியிருக்கிறேன். எஞ்சின் அந்த வரிசையில் வெடிக்காது. பத்மினிக்கு 1-3-4-2. மாமா சிரித்த சிரிப்பில் கறுப்புக் கண்ணாடி நழுவியது. "எழுதி வைம்மா." கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். எங்கள் வீட்டு கார் ஷெட் சுவரில் 1-3-4-2 என்று பெரிதாக எழுதினேன். ஒயரை மாற்றி மாட்டினேன். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. மாமா ஒரு கையை உயர்த்தி எங்களைப் பேசவிடாமல் கொஞ்ச நேரம் சத்தத்தையே கேட்டார். "கண்டென்சரும் நல்லாருக்கு, காயிலும் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான் தம்பி, அன்றைக்கு இந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

இங்கே சிலர் கிளம்பி வருவீர்கள், மெக்கானிக்குகளைத் திருடர்கள் என்கிறாயா என்று. இல்லை. அவர் தெரிந்ததைச் சொன்னார், மூன்றையும் மாற்றினாலும் வண்டி ஓடியிருக்கும். இன்றைக்கும் பிரேக், கிளட்ச் என்றால் நான் ஷெட்டுக்குத்தான் போகிறேன். காசு மிச்சமாகிறது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு தடவை பிளக்கைக் கோணலாக முறுக்கி மரை போய், ஷெட்டில் கொடுத்துச் சரிசெய்ததற்கு ஆன செலவில் நாலு சர்வீஸ் பார்த்திருக்கலாம். "மரை கழண்டது வண்டிக்கா உனக்கா" என்று வீட்டுக்காரர் கேட்டது அப்போதுதான்.

அத்தைக்கு ஒரே ஒரு ஆட்சேபம், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கையில கிரீஸ்." அதற்கும் அவரே வழி சொன்னார். முதலில் மண்ணெண்ணெய் தொட்டு பனியன் வேஸ்டால் துடை, அப்புறம் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய். நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது. வகுப்பில் போர்டில் எழுதும்போது முன் பெஞ்சுப் பிள்ளைகள் பார்ப்பார்கள். "மிஸ், மருதாணியா?"

சாமான் வாங்கப் போவதுதான் பெரிய பாடு. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் ஏசி பம்ப் டயாபிரம் கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையாம்மா?" எந்த சார்? போனில் பேசிவிட்டு வரச் சொன்னார். நான் மாமாவுக்குப் போன் போடவில்லை, அடுத்த கடைக்குப் போனேன். பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அப்படி இல்லை. அங்கே உங்கள் கையில் என்ன பழைய சாமான் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. வண்டியை அங்கே நிறுத்தினால் நம் டயரையே நமக்கு விற்பார்கள் என்று ஊரில் ஒரு ஜோக் உண்டு. எனக்கு அப்படி நடந்ததில்லை. பேரம் பேசத் தெரியவேண்டும், கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோக வேண்டும். இரண்டும் போதும்.

மாமா 2011-ல் தவறிவிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர், வண்டிக்குள் சீட் வரைக்கும் ஏறிவிட்டது. வடிந்த அன்று எதிர்வீட்டுக்காரர் அவசரப்பட்டு தன் வண்டிக்கு சாவி போட்டார். 'டங்' என்று ஒரு சத்தம், முடிந்தது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அமுக்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்து போனது. நான் பேட்டரி ஒயரை முதலில் கழற்றினேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, தெருப் பையன்களைத் தள்ளச் சொன்னேன். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது பாருங்கள், பையன்கள் கைதட்டினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஒயரையும் மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கிற மாதிரி காயவைத்தேன். டேங்க்கை வடித்து, ஆயிலை இரண்டு தடவை மாற்றி, பத்து நாள் கழித்து சாவி போட்டேன். சத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நானே கேட்டேன்.

சுவரில் 1-3-4-2 எழுதிய எங்கள் வீட்டு ஷெட் இப்போது இல்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. 2017-ல் வீட்டை இடித்து பிளாட் கட்டக் கொடுத்தோம். பில்டர் பிளானில் காட்டிய கார் பார்க்கிங் வேறு, கட்டி முடித்துக் கொடுத்தது வேறு. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் வண்டியை விட்டால் ஒரு பக்கக் கதவு திறக்காது, அந்தப் பக்கமாகத்தான் ஸ்டியரிங். நான் இடது பக்கமாக ஏறி, உட்கார்ந்தபடியே நகர்ந்து போகிறேன், ஐம்பது வயதில். நிலம் எங்களுடையது! கேட்டால் "ஸ்கொயர் ஃபீட் சரியா இருக்கு மேடம்" என்கிறார்கள். எனக்கே ஸ்கொயர் ஃபீட் கணக்கு. போதாக்குறைக்கு அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது, தரையில் ஆயில் கறை படுகிறதாம். மாடி ஏசிகளிலிருந்து என் வண்டிமேல் சொட்டும் தண்ணீருக்கு நோட்டீஸ் கிடையாது. இந்தப் பழைய வண்டியை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மீட்டிங்கில் ஒருவர் கேட்டார். இது டெல்லி இல்லை, தமிழ்நாட்டில் 15 வருஷம் தாண்டினாலும் ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டலாம். வாங்கி வைத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா என்றேன்.

சரி, உங்கள் விஷயம். என்ன வண்டி என்று எழுதவில்லை. புது வண்டியாகத்தான் இருக்கும், அதில் பாயின்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. அப்படியும் ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரி டெர்மினல் எல்லாம் இருக்கின்றன, அதிலிருந்து ஆரம்பியுங்கள். பெட்டி நிறைய டூல்ஸ் வாங்காதீர்கள். 10, 12, 14 ஸ்பேனர், ஒரு நல்ல திருப்புளி, பிளக் ஸ்பேனர், ஒரு கிலோ பனியன் வேஸ்ட். கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ, எனக்கு சுவரும் சாக்பீஸும் மாதிரி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். எனக்கும் இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால் வியர்வையில் வழுக்கி எஞ்சினுக்குள் விழுகிறது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். பாயின்ட் கேப் வைக்க ஒரு ஜோடி நல்ல கண் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வர முடியுமென்றால் தனிச் செய்தியில் எழுதுங்கள், பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். வாட்ச்மேன் கேட்டால் மட்டும் கார் வேலை என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கு டியூஷன் என்று சொல்லுங்கள்.