டெட்ராய்ட், ஜூலை 1967: எங்கள் சம்பந்தி வீட்டு நினைவுகள்

அன்புள்ள தம்பிக்கு,

டெட்ராய்ட்டுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்றும், மதிய உணவு மேசையில் மூத்த ஊழியர் ஒருவர் 1967ஐக் 'கலவரம்' என்று சொல்ல, எதிரே இருந்தவர் 'கிளர்ச்சி' என்று திருத்தினார் என்றும், அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படி என்ன நடந்தது, அதைப் பற்றி அவர்களிடம் கேட்கலாமா, நேற்று வந்த நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவை உங்கள் கேள்விகள். நான் இங்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மருமகள் இந்நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள். அதனால் அந்த ஐந்து நாட்களைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே சம்பந்தி வீட்டுச் சமையலறையில் கேட்டறிந்தேன்.

1967 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன், பன்னிரண்டாம் தெருவும் கிளெர்மவுண்ட் தெருவும் சந்திக்கும் இடத்தில் உரிமமின்றி நடந்த மதுக்கூடம் ஒன்றில் காவல்துறையினர் நுழைந்தனர். வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த எண்பதுக்கும் மேற்பட்டோரையும் கைதுசெய்து வண்டியில் ஏற்றும்போது தெருவில் கூட்டம் கூடியது, பாட்டில் ஒன்று பறந்தது, பொழுது விடிவதற்குள் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கத் தொடங்கின. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் தேசியக் காவற்படையும், பின்னர் குடியரசுத் தலைவர் ஜான்சன் அனுப்பிய வான்குடை வீரர்களும் நகருக்குள் வந்தார்கள். ஐந்து நாள் முடிவில் 43 பேர் இறந்திருந்தனர். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். கைதானவர்கள் ஏழாயிரத்துக்கும் அதிகம்.

ஆனால் சம்பந்தியம்மா இந்தக் கதையை ஒருநாளும் மதுக்கூடத்திலிருந்து தொடங்கியதில்லை. ஹேஸ்டிங்ஸ் தெருவிலிருந்துதான் தொடங்குவார். அவருடைய தந்தை அலபாமாவிலிருந்து வேலை தேடி வந்து, கார்த் தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் உலைக்கருகே நின்று உழைத்தவர். ஹேஸ்டிங்ஸ் தெருவை ஒட்டிய பகுதியில்தான் கறுப்பினத்தவரின் கடைகளும் தேவாலயங்களும் இசைக்கூடங்களும் இருந்தன. கிறைஸ்லர் நெடுஞ்சாலைக்காக அத்தெருவையே இடித்துவிட்டார்கள். வீடிழந்தவர்களில் பலர் பன்னிரண்டாம் தெருப் பக்கம் வந்து நெருக்கியடித்துக் குடியேறினார்கள்; வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்கவும் ஆளில்லை, கடன் கொடுக்கவும் வங்கியில்லை. நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்தும், காவல்துறையில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே இருந்தார்கள். நால்வர் நால்வராகக் காரில் சுற்றிவந்த காவலர்களைக் கண்டால் அண்ணன்மார் தெருவோரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் சொல்லும்போது, எழுபது வயதைக் கடந்த அவரே ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்.

அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. சிகரெட் பற்றவைத்த சுடரைத் துப்பாக்கிச் சூடு என்று எண்ணிக் காவற்படையினர் ஒரு குடியிருப்பை நோக்கிச் சுட்டதில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அச்செய்தி தெருவுக்குத் தெரிந்த அன்று, அவருடைய தாயார் வீட்டிலிருந்த விளக்குகளையெல்லாம் அணைத்தார். இரவில் பிள்ளைகள் பாலுக்காகத் திறந்தால் வெளிச்சம் தெரியுமே என்று குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்த சிறு பல்பைக்கூடக் கழற்றிவைத்தார். வீட்டில் இருந்த மூன்று பிள்ளைகளையும் குளியலறையின் வார்ப்பிரும்புத் தொட்டிக்குள் போர்வை விரித்துப் படுக்கவைத்து, தாம் தரையில் படுத்துக்கொண்டார். மரச்சுவரைக் குண்டு துளைக்கும், வார்ப்பிரும்பைத் துளைக்காது என்று அவருக்குச் சொன்னவர், இரும்பு வார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த கணவர். டாங்கி தெருவில் போகும்போது அந்தத் தொட்டி முதுகுக்கடியில் அதிர்ந்தது என்கிறார் சம்பந்தியம்மா; இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவர் முதலில் சொல்வது அந்த அதிர்வைத்தான்.

மூத்த அண்ணன் அப்போது வியட்நாமில் இருந்தார். தாம் பிறந்த நகரத்தின் தெருவில் தம் நாட்டுப் படையே நிற்கும் படத்தை ராணுவச் செய்தித்தாளில் பார்த்தார். வீட்டிலிருந்து கடிதம் வரும்வரை யார் உயிரோடிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்தான் 'கிளர்ச்சி' என்ற சொல்லை விடாப்பிடியாகச் சொல்பவர். ஒன்பது வயதாக இருந்த கடைசித் தம்பியோ, டெட்ராய்ட்டின் டைகர்ஸ் பேஸ்பால் அணி வீரர் வில்லி ஹார்ட்டன் விளையாட்டுச் சீருடையோடு கார்மீது ஏறி நின்று, வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று மக்களிடம் மன்றாடியதைத் தாம் கண்ணால் கண்டதாகச் சொல்வார். ஹார்ட்டன் அப்படி நின்றது உண்மை. ஆனால் அம்மா உன்னை அன்று வாசற்படி தாண்டவே விடவில்லையே என்று அக்கா ஒவ்வொரு முறையும் மறுப்பார். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தந்தையைப் பற்றி மிச்சமிருப்பது ஒரு சீட்டு. அவருடைய ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சூட் சலவைக் கடையில் இருந்தபோது அக்கடை எரிந்துபோனது. வேறு உடை வாங்கும்வரை ஆறு வாரம் அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை. இளஞ்சிவப்பு நிறத்து ரசீதை மட்டும் பைபிளுக்குள் வைத்திருந்தார். அதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எண் அழிந்துவிட்டது, மடிப்பில் கிழிந்திருக்கிறது.

ஆகவே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: கேட்கலாம், ஆனால் உணவு மேசையில் பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். 'கலவரம் ஏன் வந்தது' என்று தொடங்கினால், நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகவே இருவரும் எடுத்துக்கொள்வார்கள். 'அப்போது நீங்கள் எந்தத் தெருவில் இருந்தீர்கள், உங்களுக்கு என்ன வயது' என்று தனியாகக் கேளுங்கள். 'கலவரம்' என்று சொன்னவரிடமும் அதையே கேளுங்கள். அவர் வீட்டிலும் ஒரு கடை எரிந்திருக்கலாம், அண்ணன் ஒருவர் காவற்படையில் இருந்திருக்கலாம். நம் ஊரில் நடந்ததோடு ஒப்பிட்டு இடையில் பேசத் தொடங்க வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். சம்பந்தியம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அன்று மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் மிச்சிகனிலேயே இருக்கிறது. 1946 முதல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு குடியேற்ற இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. பிறந்த நாட்டை வைத்து ஆளை அளக்கும் அந்த முறையை ஒழித்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஹார்ட்–செல்லர் சட்டம் என்று பெயர். அந்த ஹார்ட், மிச்சிகன் செனட்டர் பிலிப் ஹார்ட். நிறத்தை வைத்து மனிதரைப் பிரிக்கக் கூடாது என்று கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுக் கேட்ட பிறகுதான், 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் அதையடுத்து இதுவும் வந்தன. நீங்களும் நானும் விசா வாங்கி விமானம் ஏறிய வழி அப்படித் திறந்தது.

பன்னிரண்டாம் தெருவுக்கு இப்போது, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸின் பெயர். அவர் 1957 முதல் இந்நகரத்தில் வாழ்ந்தவர். கிளெர்மவுண்ட் சந்திப்பில் சிறு பூங்கா இருக்கிறது, 2017இல் வைத்த நினைவுப் பலகையும் இருக்கிறது. சம்பந்தியம்மா என்னை அங்கே அழைத்துச் சென்றபோது பலகையைப் படிக்க நிற்கவில்லை. சற்றுத் தொலைவு நடந்து, புல் முளைத்த வெற்றுமனை ஒன்றைக் காட்டி, சலவைக் கடை இங்கேதான் இருந்தது என்றார். ஞாயிறு காலையில் போய் வாருங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.